யார் அந்த ஆயா?

"உங்க ஊட்டுக்காரரை மூணு வாட்டி பார்த்தேன்" என்று ராஜேஸ்வரி போன வாரம் சொன்னதோடு கவிதாவின் தூக்கம் போய்விட்டது.

ஏரிக்கரை விடுதியில், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. பார்த்த இடம் வாழவந்தி பக்கத்து எஸ்டேட். ஜெயபிரகாஷ் எக்ஸெல் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான். முன்னால் மகள் காவேரி நிற்கிறாள். பின்னால் ஒரு பெண், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை கவிதா. பார்த்ததைச் சொன்னேன்" என்று முடித்தாள் ராஜேஸ்வரி.

கவிதா அவனிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

வெள்ளிக்கிழமை காலை ஏற்காடு முழுக்கப் பனி. எதிர் வீடுகூடத் தெரியவில்லை. விடுதிச் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டே கூடத்துக்கு வந்தாள் கவிதா.

ஜெயபிரகாஷ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடிக்கு முன்னால் மூன்றரை வயது காவேரி. ஒரு பக்கம் சடை முடிந்து, மறு பக்கம் பாதியில் இருந்தது.

"வா கண்ணு, மிச்சத்தை அம்மா பின்னி விடறேன்."

"வேண்டாம். நீ வெடுக்குனு இழுப்பே. அப்பா பின்னுனா வலிக்காது."

நீட்டிய சீப்பை கவிதா மெதுவாகக் கீழே வைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஜெயபிரகாஷின் இந்தக் கைகள் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் டாக்சி ஓட்டின. ஒரு மழை நாளில் வளைவில் வண்டி உருண்டது. எலும்பு கூடிவிட்டது; ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. எக்ஸெல்லை மட்டும் சைக்கிள் வேகத்தில் ஓட்டுவான். கவிதா வேலைக்குப் போனாள். ஜெயபிரகாஷ் வீட்டைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான்.

நாலு மாதம் முன்பு, அவளுடைய அண்ணன் வந்திருந்த அன்று, ஏதோ வாய்த் தகராறில் அவள் சொன்னாள்: "ஊட்டுலயே இருக்கறதுன்னு ஆயிருச்சு, ஒரு சேலையைக் கட்டிக்கங்க." அண்ணன் சிரித்தான். மறுநாள் நூலகத்தில் இருந்து தடித் தடியாகப் புராணப் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. அவன் அதில் என்ன தேடுகிறான் என்று அவள் கேட்டதில்லை.

"மிட்டாய் குடுக்கற மலரக்கா எனக்கு செவப்பு ரிப்பன் வாங்கித் தர்றேன்னாங்க" என்றாள் காவேரி.

சடை பின்னிய விரல்கள் ஒரு கணம் நின்று, பிறகு ஓடின.

"யாருங்க அந்த மலரக்கா?"

"எஸ்டேட்டுல காப்பிப்பழம் பறிக்கற பொண்ணு. சும்மா பழக்கம்."

"சும்மா பழக்கமுங்களா."

"நீ சாயங்காலம் வா கவிதா. ஒரு விஷயம் சொல்லணும்."

"இப்பவே சொல்றது."

"முடிவாகட்டும். அதுக்கு முன்னாடி சொன்னா நீ சிரிப்பே."

அவள் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டும்போது காவேரி அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தூங்கும்போதும் அந்த விரல்தான் வேண்டும் அவளுக்கு. கவிதா விரலை நீட்டினால் தூக்கத்திலேயே தள்ளிவிடுவாள். தூங்குகிற பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரிகிறது.

சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டி வரவில்லை. பதினோரு மணி வாக்கில் அவள் செல்போன் அடித்தது.

"வணக்கமுங்க. ஜெயபிரகாஷ் ஊட்டுலதானுங்களே? நான் எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் ஐயாக்கண்ணு பேசறனுங்க. அவரு போனு சிக்கவே மாட்டேங்குது. இந்த நம்பரும் குடுத்திருந்தாரு."

"சொல்லுங்க."

"அந்த ஆயா விஷயமுங்க. மேனேஜர் துரை மத்தியானத்துக்குள்ள முடிவு கேக்கறாரு. ஊட்டுலயும் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னாருங்க."

"என்ன ஆயாங்க?"

"புள்ளை பாத்துக்கற ஆயாதானுங்க. மலருதான் மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லுச்சு. காவேரிப் பாப்பாவுக்கும் நல்லாப் பழகிருச்சு, பாப்பாவால ஒரு சங்கடமும் இல்லீங்க. நீங்க சரின்னா நாளையில இருந்தே வெச்சுக்கலாம்."

கவிதாவுக்குக் காது சூடாகியது. மலர். ஆயா. தன் வீட்டுக்கு. எஸ்டேட் ஆளை வீட்டு வேலைக்கு விடச் சொல்லித் துரை வரைக்கும் போய்க் கேட்டிருக்கிறான். முடிவாகட்டும் என்றானே, அது இதுதான். பகல் முழுக்க அவள் விடுதியில், அவன் வீட்டில், கூட மலர். சாயங்காலம் போனால் தன் கூடத்தில் தானே விருந்தாளி.

"அந்த ஆயா எங்களுக்கு வேண்டாமுங்க."

"இல்லீங்க, அவரு நொம்ப ஆசையா..."

"அவரு ஆசை எனக்குத் தெரியுமுங்க. வேண்டாம்னா வேண்டாம். இதுதான் முடிவுன்னு உங்க துரைகிட்டச் சொல்லீருங்க."

வைத்துவிட்டாள்.

"யாரு?" என்றாள் பக்கத்து நாற்காலி ராஜேஸ்வரி.

"அவளை எங்க ஊட்டுக்கு ஆயாவாக் கொண்டு வர்றாராம். வேண்டாம்னுட்டேன்."

ராஜேஸ்வரி அவளையே ஒரு நிமிடம் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. "நல்லதுதான் செஞ்சே" என்றாள். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

கவிதா அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். இனி கேட்கப் போவதில்லை. பார்க்கப் போகிறாள்.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடந்த பாதையில், எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் தகரக் கொட்டகை ஒன்று. வண்டியைத் தள்ளி நிறுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கணவன் குரல்தான். ஆனால் வீட்டில் கேட்கிற குரல் இல்லை. கல்யாணமான புதிதில் டாக்சி ஓட்டிக்கொண்டே வளைவுக்கு வளைவு கதை சொல்வானே, அந்தக் குரல்.

ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள்.

கவிழ்த்த மரப்பெட்டி மேல் ஜெயபிரகாஷ். ஒரு தொடையில் மூக்கு ஒழுகும் பொடியன், மறு தொடையில் யாருடையதோ கைக்குழந்தை. கீழே வரிசையில்லாமல் ஏழெட்டுப் பிள்ளைகள், நடுவில் காவேரி. சோற்று நேரம். பழம் பறிக்கிற பெண்கள் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"ராசாவுக்குத் தாகமுன்னா தாகம். முனிவருங்க எல்லாம் அசந்து தூங்கறாங்க. ராணிக்குப் புள்ளை வேணும்னு மந்திரிச்சு வெச்ச கலசத் தண்ணி அங்க இருக்குது. எடுத்து மடமடன்னு குடிச்சுட்டாரு."

"குடிச்சுட்டாருங்களா?" என்றாள் ஒருத்தி, வாயில் சோற்றோடு.

"குடிச்சுட்டாரு. மந்திரம் ஆளைப் பாக்குமா? ராசா வயித்துலயே புள்ளை உண்டாயிருச்சு."

சிரிப்பு. "அவரை நம்ம சரிவுல கூடையோட ஏத்தி விட்டிருக்கோணும்" என்றாள் வயதான சின்னத்தாயி. "நெறை வயித்தோட பழம் பறிக்கறது எப்படின்னு தெரிஞ்சிருக்கும்."

"இடுப்பைக் கிழிச்சுக்கிட்டுப் புள்ளை வந்துச்சு. வந்ததும் பாலுக்கு அழுவுது. ராசாகிட்ட ஏது பாலு? மேல இருந்து தேவேந்திரன் எறங்கி வந்தான். ஆள்காட்டி விரலைப் புள்ளை வாயில வெச்சு, என்னைக் குடிச்சுக்க சாமின்னான்."

மடியில் இருந்த கைக்குழந்தை சரியாக அப்போது அவன் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டது. கொட்டகையே சிரித்தது. கவிதாவின் பார்வை அந்த விரலிலேயே நின்றது. காவேரிக்கு மட்டும் என்று அவள் நினைத்திருந்த விரல்.

"ஏனுங்க, அந்தப் புள்ளை ராசாவை அப்பான்னு கூப்புடுமா, அம்மான்னு கூப்புடுமா?" என்று கேட்டது ஒரு இளம் குரல்.

"அது புத்தகத்துல இல்ல மலரு. பசிக்கிறப்ப யாரு வந்தாங்களோ அவங்களைக் கூப்பிட்டிருக்கும்."

மலரா? கவிதா எட்டிப் பார்த்தாள். ஒரு வாரமாக அவள் தலைக்குள் இருந்த மலருக்கு நீளச் சடை, நெருக்கிக் கட்டிய முல்லை. இங்கே இருந்தவளுக்கு ஆண்கள் ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, காப்பிக் கறை ஏறிய கைகள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மலர் மேல் இருந்த ஆத்திரம் அவன் முகத்தின் மேல் திரும்பியது. இப்படி ஒரு முகம் அவனிடம் மிச்சமிருக்கிறது. அதை வீட்டில் காட்டாமல், இந்தத் தகரக் கொட்டகையில் கொண்டுவந்து செலவழிக்கிறான்.

"அம்மா" என்று கத்தினாள் காவேரி.

ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தவள் நிலைப்படியில் கால் தடுக்கி விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்தது. "அம்மா, அம்மா" என்று அலறல்.

கவிதா வாசலுக்கு ஓடி வந்து மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள்.

காவேரி எழுந்தாள். "அம்மா" என்று அழுதுகொண்டே திரும்பி ஓடினாள். அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

விரித்த கைகளை என்ன செய்வதென்று கவிதாவுக்குத் தெரியவில்லை. அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மனசுல வெச்சுக்காதீங்க அக்கா" என்றாள் மலர். "வலிச்சா வாயில வர்ற சொல்லு அதுதானே. இங்க எல்லாப் புள்ளைங்களும் அழுதா அவருகிட்டத்தான் ஓடுதுங்க. ஆயாப்பான்னு கூப்புடறாங்க."

"என்னன்னு?"

"ஆயாப்பாங்க. இந்தப் புள்ளைங்களைப் பாத்துக்கிட்டிருந்த ஆயா மகளூட்டுக்கு ஆத்தூர் போயிருச்சு. அந்த வேலைக்குத்தான் துரைகிட்ட இவரைச் சொல்லியிருக்கோம். ஆம்பளை ஆயாவான்னு துரை நொம்ப யோசிச்சாரு. இன்னைக்கு ரைட்டர் போன் பண்றேன்னாருங்களே, பண்ணலீங்களா?"

அந்த ஆயா எங்களுக்கு வேண்டாமுங்க. தன் குரல் தனக்கே கேட்டது கவிதாவுக்கு.

ஜெயபிரகாஷ் பிள்ளையின் முழங்காலை ஊதிக்கொண்டே வெளியே வந்தான். பிடிபட்டவன் முகம் இல்லை அது. பரிசு வாங்கப் போகிறவன் முகம்.

"சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். சேலை கட்டிக்கச் சொன்னியே அன்னிக்கு..."

"அதை எதுக்குங்க இப்ப."

"கோபமில்ல கவிதா. சேலை கட்டுன ஆம்பளை எவனாச்சும் உருப்பட்டிருக்கானான்னு பாக்கத்தான் லைப்ரரிக்குப் போனேன். பார்த்தா, அர்ச்சுனனே வில்லை மரத்துல கட்டித் தொங்கவிட்டுட்டு, பொம்பளையா ஒரு வருசம் அரண்மனைப் பொண்ணுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்திருக்கான். திருச்செங்கோட்டுல பாப்பாவுக்கு மொட்டை போட்டமே, அந்தச் சாமியே பாதி பொம்பளை. கோயில்ல கும்புடறோம், ஊட்டுல வெக்கப்படறோம்."

அவன் காவேரியை மறு தோளுக்கு மாற்றினான்.

"ஒரு நாள் சிநேகிதன் வண்டியைப் பாக்க இங்க வந்தேன். புள்ளைங்க காப்பிச் செடிக்கடியில கெடந்துச்சுங்க. ஒண்ணு அழுதுச்சு. தூக்கினேன். கை நடுங்கலை கவிதா. ரெண்டு வருசமா நான் எதுக்கு இருக்கேன்னு தெரியாமக் கெடந்தேன். அன்னிக்குத் தெரிஞ்சுது."

ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக அவள் பிடித்திருந்த கை அது. அவள் பிடித்தபோது நடுங்கியது. யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கியதும் நின்றுவிட்டதாம்.

"இவளை ஏங்க வண்டியில ஏத்துனீங்க?" என்றாள். வேறெதுவும் வாயில் வரவில்லை.

"எம் பையனுக்குக் காய்ச்சலுங்க அக்கா. ஆஸ்பத்திரியில சேத்திருந்தேன், மூணு நாளும் என்னைக் கொண்டு போய் விட்டாரு" என்று மலரே பதில் சொன்னாள்.

சொல்லிவிடலாம். போன் வந்தது, தெரியாமல் மறுத்துவிட்டேன் என்று. ஆனால் சொல்லாமலும் இருக்கலாமே. துரை ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அவன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான், அந்தக் குரலோடு, அந்த முகத்தோடு. அவளுக்கு மட்டும்.

அவள் முடிவெடுப்பதற்குள் ரைட்டர் ஐயாக்கண்ணுவின் பைக் வந்துவிட்டது.

"என்னங்க ஜெயபிரகாசு" என்றார் இறங்காமலே. "ஆசையா நீங்க கேட்டுட்டு, ஊட்டுல விட்டு வேண்டாம்னு சொல்ல வெச்சுட்டீங்களே. எனக்குத் துரைகிட்ட மொகம் காட்ட முடியலை. காத்துட்டே இருந்த மாதிரி உடனே துரைக்கு இன்னொரு போன் வந்துச்சு. யாரோ ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு பங்களாவுக்கு வர்றாங்க."

ஜெயபிரகாஷ் கவிதாவைப் பார்த்தான். அந்த முகம் அணைந்துவிட்டது. வீட்டில் அவள் தினமும் பார்க்கிற முகம் திரும்பி வந்துவிட்டது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

"ஆயான்னாருங்க" என்றாள் கவிதா. "மலரை நம்ம ஊட்டுக்கு ஆயாவாக் கொண்டு வர்றீங்கன்னு நெனச்சுட்டேன். ஆயான்னா பொம்பளைன்னுதானுங்களே நெனப்பாங்க."

முதலில் சிரித்தது சின்னத்தாயி. "ஏ மலரு, உன்னைப் பார்த்தும் பயப்பட ஒரு ஆளு இருக்குது. சந்தோசப்பட்டுக்க."

ஜெயபிரகாஷ் சிரிக்கவில்லை. "நீ வேண்டாம்னது மலரையா, என்னையா?"

"மலரைத்தானுங்க." நிறுத்தினாள். "ஆனா நீங்கன்னு தெரிஞ்சிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பாப்பா உங்ககிட்ட ஓடறா. இவங்களுக்கெல்லாம் கதை சொல்றீங்க. எனக்கு மட்டும் ஒண்ணுமில்லையேன்னு வயிறு எரியுதுங்க. இப்பவும் எரியுது."

அவன் பதில் சொல்லுமுன் ரைட்டர் பக்கம் திரும்பினாள். "துரை பங்களா எந்தப் பக்கமுங்க?"

வழி காட்ட மலர் கவிதாவின் ஸ்கூட்டரில் ஏறினாள். நானும் வருவேன் என்று அடம் பிடித்துக் காவேரி முன்னால் நின்றுகொண்டாள். பின்னால் இருந்து மலரின் கை கவிதாவின் தோளைப் பிடித்தது. இதே கைதான் அவன் தோளையும் பிடித்திருந்தது. உதற வேண்டும் போல இருந்தது. வளைவு வந்ததால் விட்டுவிட்டாள்.

"எம் பொண்ணுக்கு என்ன மிட்டாய் குடுக்கறே நீ?"

"தேன் மிட்டாய்ங்க அக்கா."

"பல்லு கெட்டுரும். ரிப்பனும் நானே வாங்கிக்குவேன்."

"சரிங்க அக்கா."

பங்களா முற்றத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்கூட்டர் நின்றிருந்தது. கைப்பிடியில் சிவப்புக் கயிறு. தினமும் விடுதி வாசலில் தன் வண்டிக்குப் பக்கத்தில் பார்க்கிற கயிறு.

படியில் ராஜேஸ்வரி நின்றாள். கூடவே, அவள் ஜாடையில் ஒரு மெலிந்த பெண்.

மூணு வாட்டி பார்த்தேன் என்றவள், மூணு வாட்டியும் இந்த எஸ்டேட்டுக்கு எதற்கு வந்தாள்? ஒரு வாரமாக ஆயிரம் கேள்வி கேட்ட மனசு இந்த ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை.

"எந் தங்கச்சி" என்றாள் ராஜேஸ்வரி. குரலில் வெட்கமும் இல்லை, சண்டையும் இல்லை. "புருசன் விட்டுட்டுப் போயிட்டான். இந்த வேலைக்குத்தான் இவளுக்காக நடையா நடந்தேன். வர்ற போதெல்லாம் அந்தக் கொட்டகையில உங்க ஊட்டுக்காரரு, சுத்தியும் சிரிப்பு. எனக்கும் வயிறு எரியாதா கவிதா? நீயே வேண்டாம்னே. பக்கத்துல இருந்து கேட்டேன். அவரு ஆம்பளை, ஏதோ ஒரு வேலை கெடைக்கும். இவ எங்க போவா?"

கவிதா அந்தத் தங்கையின் தேய்ந்த செருப்பைப் பார்த்தாள்.

பங்களா நாய் குரைத்துக்கொண்டே படியிறங்கி ஓடி வந்தது. "அம்மா" என்று வீறிட்டாள் காவேரி.

கவிதா அனிச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஜெயபிரகாஷ் இல்லை. மலர் தூரத்தில் நின்றாள். கவிதாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சேலைக்குள் முகம் புதைத்திருந்தாள் பிள்ளை. கவிதா குனிந்து தூக்கினாள். ரிப்பன் அவிழ்ந்த சடை கன்னத்தில் உரசியது.

கதவு திறந்தது. மேனேஜர் துரை கையில் காப்பிக் கோப்பையோடு வந்து வரிசையாக எல்லோரையும் பார்த்தார்.

"ஆயா வேலைக்கு வந்தது யாரு?"

ராஜேஸ்வரி தங்கையை மெல்ல முன்னால் தள்ளினாள்.

"ஆயா கொட்டகையில இருக்காருங்க" என்றாள் கவிதா. "புள்ளைங்களை விட்டுட்டு வர மாட்டாரு. காலையில போன்ல வேண்டாம்னு சொன்ன ஊட்டுக்காரி நாந்தானுங்க."

துரை அந்த மெலிந்த பெண்ணைப் பார்த்தார். கவிதாவையும் அவள் இடுப்பில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். கோப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"உள்ள வாங்க" என்றார். யாரை என்று சொல்லவில்லை.